விமானத்தைக் குனிந்து பார்க்கும் ஊரிலிருந்து

மற்ற ஊர்களில் விமானத்தை அண்ணாந்து பார்ப்பார்கள். கோத்தகிரியில் சில இரவுகளில் குனிந்து பார்க்கலாம். எங்கள் ஊர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 5,800 அடி உயரம். பீளமேட்டில் இருக்கும் கோவை விமான நிலையமோ 1,300 அடிதான். இறங்கப்போகும் விமானம், ஓடுதளத்துக்கு இன்னும் 15, 20 கிலோமீட்டர் இருக்கும்போதே நாலாயிரத்துச் சொச்சம் அடிக்குத் தாழ்ந்துவிடும். மூடுபனி விலகிய டிசம்பர் இரவில் மலை விளிம்பில் நின்றால், சமவெளியின் விளக்குக் குவியலுக்குச் சற்று மேலே, நம் கண் மட்டத்துக்குக் கீழே, ஒரு வெளிச்சப் புள்ளி மெதுவாக நகர்வது தெரியும். சில நேரம் அது நேராக இறங்காமல் ஒரு வட்டம் அடிக்கும். கீழே ஓடுதளம் காலியாகவில்லை என்று பொருள். அந்த வட்டத்தைப் பார்க்கும்போது கணக்கப்பிள்ளைக்குப் பணம் எரிவது தெரியும், சூழலியலாளருக்குப் புகை தெரியும். எரிவதென்னவோ ஒரே எண்ணெய்தான்.

விமான நிறுவனம் பசுமையாகவும் வேண்டும், திவாலாகாமலும் வேண்டும் என்ற பேச்சை எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டால், இந்த எண்ணெயிலிருந்து என்பேன்.

சென்னையிலிருந்து கோவைக்கு வான்வழியில் சுமார் 430 கிலோமீட்டர். 186 இருக்கைகள் கொண்ட ஏர்பஸ் ஏ320 நியோ விமானம் இந்தத் தூரத்துக்குத் தோராயமாக 2 டன் எரிபொருள் குடிக்கும் என்று வைத்துக்கொள்வோம். நூற்றுக்கு 85 இருக்கை நிரம்பினால் 158 பேர். தலைக்குப் பதின்மூன்று கிலோவுக்குச் சற்றுக் குறைவு; லிட்டரில் சொன்னால் 16. ஒரு கிலோ விமான எரிபொருள் எரிந்தால் 3.16 கிலோ கரியமில வாயு வெளியேறும். ஒரு கிலோவிலிருந்து மூன்று கிலோ எப்படி என்று குழம்ப வேண்டாம். எண்ணெயிலிருக்கும் கார்பன், காற்றிலிருக்கும் ஆக்சிஜனைக் கூட்டிக்கொண்டு போவதால் எடை ஏறுகிறது. ஆக, ஒருவர் கோவைக்கு வந்து இறங்கும்போது வானத்தில் 40 கிலோ கரியமில வாயுவை விட்டுவிட்டு வருகிறார். பெரும்பாலும் அவர் எடையிலேயே பாதிக்கு மேல்.

அந்த 16 லிட்டர்தான் நிறுவனத்தின் தலைவலியும். இந்திய விமான நிறுவனங்களின் மொத்தச் செலவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எரிபொருளுக்கே போகிறது. எண்ணெய் விலை ஏறும் ஆண்டுகளில் ஐந்தில் இரு பங்கைத் தொடும். உலக அளவில் விமான நிறுவனங்கள் ஒரு பயணியிடம் பார்க்கும் நிகர லாபம் ஏறத்தாழ 7 டாலர்; 600 ரூபாய் சொச்சம். இவ்வளவு ஒல்லியான லாபத்தில் ஓடும் தொழிலுக்கு எண்ணெயை மிச்சம் பிடிக்கச் சொல்லிக்கொடுக்க யாரும் வெளியிலிருந்து வரவேண்டியதில்லை.

மலைப்பாதையில் வண்டி ஓட்டுபவர்களுக்கு இது சட்டென்று புரியும். மேட்டுப்பாளையத்திலிருந்து அரிசி மூட்டையோ சிமெண்டோ ஏற்றிக்கொண்டு வரும் லாரிக்காரர், ஒரு மூட்டை கூடினாலும் டீசல் முள் காட்டிக்கொடுத்துவிடும் என்பார். விமானம் ஒவ்வொரு பயணத்திலும் அப்படியொரு மலை ஏறுகிறது. அதுவும் 30,000 அடி. ஆகவே எடைக் குறைப்பில்தான் நிறுவனங்களின் கண். மெல்லிய சட்டத்தில் செய்த இருக்கைகள் வந்தன. விமானிகள் தூக்கிக்கொண்டு நடந்த கனத்த கையேட்டுப் பைகள் போய், கைக்கு அடக்கமான கணினிப் பலகை வந்தது. இறக்கையின் நுனியைச் சுறாத் துடுப்புபோல மேல்நோக்கி வளைத்ததும் இதே சிக்கனம்தான். நீண்ட பயணங்களில் 4 சதவீதம் வரை எரிபொருள் மிச்சம் என்கிறது ஏர்பஸ். என்ஜினுக்குள் படியும் தூசியைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுவது, தரையிறங்கியபின் ஒரு என்ஜினை அணைத்துவிட்டு மற்றொன்றில் ஊர்ந்து வருவது எல்லாம் சில்லறைச் சேமிப்புகள். நாளொன்றுக்கு ஆயிரம், இரண்டாயிரம் முறை பறக்கும் நிறுவனத்துக்கு அந்தச் சில்லறை மலையாகக் குவியும்.

விமானம் நின்றுகொண்டிருக்கும்போதும் எண்ணெய் குடிக்கும் என்பது பலருக்குத் தெரியாது. வால் பகுதியில் ஏ.பி.யூ. என்ற சிறு என்ஜின் ஒன்று இருக்கிறது. நிற்கும்போது விளக்குக்கும் குளிர்சாதனத்துக்கும் அதுதான் மின்சாரம் தரும். மணிக்கு 100 கிலோவுக்கு மேல் எரிபொருள் இழுக்கும். நிலையத்தின் மின் இணைப்பைச் செருகிவிட்டால் அதை அணைத்துவிடலாம். செருகக் கம்பி வேண்டும், ஆள் வேண்டும், பத்து நிமிடம் பொறுமை வேண்டும். டெல்லியில் 2019 முதல் டாக்ஸிபாட் என்ற இழுவை வண்டி பயன்படுகிறது. என்ஜினை இயக்காமலே விமானத்தை ஓடுதளம் வரை இழுத்துச் செல்லும்.

ஏறுவதைவிட இறங்குவதில் கலை அதிகம். ‘எந்த கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு’ என்பது மலைப்பாதையின் முதல் பாடம். நல்ல ஓட்டுநர் குன்னூரிலிருந்து பர்லியாறு வரை ஆக்ஸிலரேட்டரைத் தொடாமலே வண்டியை உருட்டிக்கொண்டு போவார். பிரேக்கைப் போட்டு, பிறகு மிதித்து, மறுபடி பிரேக் போடுகிறவர் டீசலையும் லைனிங்கையும் சேர்த்துத் தின்கிறார். விமானத்திலும் அப்படியே. ஒவ்வொரு ஆயிரம் அடி இறங்கவும் சுமார் ஐந்தரை கிலோமீட்டர் தூரம் வேண்டும். 30,000 அடியிலிருந்து கோவைக்கு இறங்க, சேலத்தைத் தாண்டுமுன்பே என்ஜின் விசையைக் குறைத்துச் சறுக்கத் தொடங்கிவிட வேண்டும். அப்படி ஒரே சறுக்கலாக இறங்கினால் ஏறத்தாழ இலவசப் பயணம். படிப்படியாக, ‘10,000 அடியில் நில், பிறகு 6,000-க்கு வா’ என்று நிறுத்தி நிறுத்தி இறக்கினால் ஒவ்வொரு படியிலும் என்ஜின் மீண்டும் முறுக்கேற வேண்டும். இந்தச் சிக்கனம் விமானியின் கையில் மட்டும் இல்லை. தரைக் கட்டுப்பாட்டு அறை வழிவிட வேண்டும், ராணுவத்துக்கு ஒதுக்கிய வான்பரப்பு திறக்க வேண்டும். இந்திய வான்பரப்பில் 60 சதவீதம்தான் பயணிகள் விமானங்களுக்குத் தாராளமாகக் கிடைக்கிறது என்று 2020 மே மாதம் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் சொன்னார். கட்டுப்பாட்டைத் தளர்த்தினால் ஆண்டுக்கு 1,000 கோடி ரூபாய் மிச்சம் என்பது அன்று வைத்த கணக்கு.

இனி வேகம். மெதுவாகப் பறந்தால் எண்ணெய் மிச்சம்தானே, ஏன் பறப்பதில்லை? நேரத்துக்கும் விலை உண்டு என்பதால்தான். விமானிக்கு மணிக்கணக்கில் ஊதியம், விமானத்துக்கு மாத வாடகை, ஒரு நாளில் ஆறு முறை பறக்கவேண்டியது ஐந்து முறையானால் அந்த ஒரு நடையின் வருமானமே போச்சு. ஒரு நிமிடத்தின் விலை, ஒரு கிலோ எண்ணெயின் விலை, இவை இரண்டின் விகிதத்தை விமானத்தின் கணினியில் ஒற்றை எண்ணாகப் பதிகிறார்கள். காஸ்ட் இண்டெக்ஸ் என்று பெயர். எண்ணெய் விலை ஏறினால் அந்த எண் குறையும், விமானமும் கொஞ்சம் நிதானமாகப் பறக்கும். புகை இந்த விகிதத்தில் எங்குமே இல்லை. எண்ணெய்க்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, அது குறைந்தால் தானும் குறைகிறது, அவ்வளவுதான்.

இதுவரை சொன்ன எல்லாவற்றிலும் பணப்பையும் வானமும் ஒரே பக்கம் நிற்கின்றன. ‘பசுமைப் பயணம்’ என்று நிறுவனங்கள் வெளியிடும் விளம்பரங்களில் முக்கால்வாசி இந்தப் பகுதியிலிருந்து எடுத்தவையே. குறை சொல்ல ஒன்றுமில்லை. எப்படியும் செய்யப்போகிற சிக்கனத்துக்குத் தியாகம் என்று பெயர் வைப்பதுதான் கொஞ்சம் உறுத்துகிறது.

பெரிய சேமிப்பு புது என்ஜினில்தான் கிடைக்கிறது. 2016-இல் இந்தியாவுக்கு வந்த ஏ320 நியோ, பழைய ஏ320-ஐவிட 15 முதல் 20 சதவீதம் எரிபொருளை மிச்சப்படுத்துகிறது. ஆனால் புது என்ஜின் புது நோயையும் கொண்டு வந்தது. பிராட் அண்ட் விட்னி நிறுவனத்தின் என்ஜின் பாகங்களைச் செய்த உலோகத் தூளில் குறைபாடு இருந்தது 2023-இல் வெளிப்பட்டபோது உலகெங்கும் நூற்றுக்கணக்கான விமானங்கள் தரையில் நின்றன. அதற்குச் சில மாதங்கள் முன்பே, 2023 மே மாதத்தில், பறக்கத் தகுந்த என்ஜின் போதவில்லை என்று காரணம் காட்டி கோ ஃபர்ஸ்ட் நிறுவனம் திவால் மனு போட்டு முடங்கியது. கிலோமீட்டருக்குக் குறைவாகக் குடிக்கும் என்ஜின், பறக்காத நாளில் வாடகையை மட்டும் தின்னும். பழைய, எண்ணெய் தின்னும் விமானங்களைத் திரும்ப வாடகைக்கு எடுத்துச் சமாளித்தவர்களும் உண்டு. சிக்கனக் கணக்கில் பழுதுபார்ப்பு நாட்களையும் சேர்க்க வேண்டும் என்பதை மலை ரயில் என்ஜின்களைப் பேணுகிறவர்கள் நன்றாக அறிவார்கள்.

வரி செய்யும் வேலை இன்னும் விசித்திரம். விமான எரிபொருள் ஜி.எஸ்.டி. வரம்புக்குள் வரவில்லை. மாநிலங்கள் தத்தம் விருப்பப்படி மதிப்புக் கூட்டு வரி போடுகின்றன. சிலவற்றில் 1 முதல் 4 சதவீதம், வேறு சிலவற்றில் 20 சதவீதத்துக்கு மேல். விளைவு என்ன? மலிவான ஊரில் தேவைக்கு மேல் நிரப்பிக்கொண்டு, விலை கூடிய ஊரில் இறங்கி, அங்கே நிரப்பாமலே திரும்புகிறார்கள். இதற்கு டாங்கரிங் என்று பெயர். மூன்று மாநிலங்கள் சந்திக்கும் கூடலூர்ப் பக்கத்தில் வண்டி வைத்திருப்பவர்களுக்கு விளக்கவே வேண்டாம். எந்தப் பக்கத்து பங்க் மலிவு என்று பார்த்துத்தான் டேங்கை நிரப்புவார்கள். ஆனால் ஜீப்பில் பத்து லிட்டர் கூடினால் பெரிதாக ஒன்றும் ஆகாது. விமானத்தில் சுமக்கும் ஒவ்வொரு கூடுதல் டன்னும் மணிக்கு அதன் எடையில் 3 சதவீத அளவுக்கு எண்ணெயை எரிக்கும். இரண்டு மணி நேரப் பயணத்தில் 2 டன் கூடுதலாகச் சுமந்தால் 120 கிலோ வீண். அதாவது 380 கிலோ கரியமில வாயு, வரிப்பட்டியலின் உபயம். இங்கே முதன்முறையாக லாபமும் சூழலும் எதிரெதிர்ப் பக்கம் திரும்புகின்றன. நிறுவனத்துக்கு இது சரியான முடிவு, வானத்துக்குத் தவறான முடிவு. நாடு முழுதும் ஒரே வரி வந்தால் ஒரு ரூபாய் முதலீடு இல்லாமல் இந்தப் புகை நின்றுவிடும். மாநிலங்களுக்கு வருமானம் போகும் என்பதால் வரவில்லை.

சில விஷயங்களை வேகமாகக் கடந்துவிடலாம். பிளாஸ்டிக் கரண்டிக்குப் பதில் மரக்கரண்டி தருவது நல்லதுதான். நீலகிரியில் பிளாஸ்டிக் தடையின் அருமை எங்களுக்குத் தெரியும். யானைச் சாணத்தில் பாலித்தீன் பையைப் பார்த்தவர்கள் நாங்கள். ஆனாலும் தலைக்கு 16 லிட்டர் எண்ணெய்க்கு முன்னால் ஒரு கரண்டி எம்மாத்திரம்? கொச்சி விமான நிலையம் 2015 ஆகஸ்டு முதல் முழுக்கச் சூரிய மின்சாரத்தில் ஓடுவதும் பாராட்டுக்குரியது. அது கட்டடத்தின் கணக்கு, மேலே பறப்பதன் கணக்கில் சேராது. பேட்டரி விமானம் பெரிய அளவில் வர நாளாகும். ஒரு கிலோ எரிபொருளில் அடங்கும் ஆற்றலுக்கு இன்றைய பேட்டரி 40 கிலோ வேண்டும், அதுவும் இறங்கும்வரை எடை குறையாமல் கூடவே வரும். ஹைட்ரஜன் விமானத்தை 2035-இல் கொண்டுவருவதாகச் சொன்ன ஏர்பஸ், 2025-இல் அந்தத் தேதியைத் தள்ளிப்போட்டுவிட்டது.

மிஞ்சுவது மாற்று எரிபொருள். எஸ்.ஏ.எஃப். என்று தொழிலில் சொல்வார்கள். தாவர எண்ணெய், விலங்குக் கொழுப்பு, மரக்கழிவு போன்றவற்றிலிருந்து மண்ணெண்ணெய்க்கு ஒப்பான திரவத்தைச் செய்து, சாதாரண எரிபொருளுடன் அதிகபட்சம் பாதிக்குப் பாதி கலக்க அனுமதி இருக்கிறது. என்ஜினை மாற்ற வேண்டாம். எரியும்போது இதுவும் அதே அளவு கரியமில வாயுவைத்தான் விடும். ஆனால் அந்தக் கார்பன் நேற்று காற்றிலிருந்து செடி உறிஞ்சியது, கோடி ஆண்டுகளுக்கு முன் பூமிக்குள் புதைந்தது இல்லை. நல்ல மூலப்பொருளாக இருந்தால் மொத்தக் கணக்கில் 80 சதவீதம் வரை குறைவு.

தமிழ்நாட்டுக்கு இதில் ஒரு பழைய சூடு இருக்கிறது. 2000-களின் தொடக்கத்தில் காட்டாமணக்கு என்று ஒரு அலை அடித்தது. தரிசில் வளரும், தண்ணீர் கேட்காது, எண்ணெய் கொட்டும் என்றார்கள். கோவை, ஈரோடு பக்கத்து விவசாயிகளும் நட்டார்கள். செடி வளர்ந்தது, சொன்ன அளவுக்குக் காய்க்கவில்லை. பலர் பிடுங்கிப் போட்டார்கள். அதே காட்டாமணக்கு எண்ணெயில் செய்த எரிபொருளை 25 சதவீதம் கலந்துதான் 2018 ஆகஸ்டு 27 அன்று ஸ்பைஸ்ஜெட்டின் விமானம் டேராடூனிலிருந்து டெல்லிக்குப் பறந்தது. ஆக, பறப்பதில் சிக்கல் இல்லை. மூட்டை மூட்டையாக மூலப்பொருள் கிடைப்பதில்தான் சிக்கல்.

இன்று எல்லோர் கண்ணும் வறுத்த எண்ணெய் மீது. ஊட்டியிலும் கொடைக்கானலிலும் சீசன் நேரத்தில் பஜ்ஜிச் சட்டி அடுப்பை விட்டு இறங்குவதே இல்லை. அந்த எண்ணெயை மறுபடி மறுபடி காய்ச்சாமல் சேகரித்து எரிபொருளாக்க உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இலேயே திட்டம் கொண்டுவந்தது. நம் கோவை விமானத்தின் 2 டன்னில் வெறும் 5 சதவீதம் கலக்க ஏறத்தாழ 120 கிலோ பழைய எண்ணெய் தேவை. 15 கிலோ டின்னில் எட்டு. ஒரே ஒரு விமானத்தின் ஒரே ஒரு நடைக்கு! மலையிலுள்ள எல்லா பஜ்ஜிக் கடைகளையும் கூட்டினாலும் கோவையிலிருந்து கிளம்பும் விமானங்களுக்கு எத்தனை நாள் தாங்கும் என்று நீங்களே போட்டுப் பார்க்கலாம்.

அடுத்து யாராவது உண்ணிச்செடி என்கிற லண்டானாவைக் காட்டுவார்கள். முதுமலையின் அடிக்காட்டை லண்டானா மூடிக் கிடக்கிறது. புல் முளைக்க விடாமல் மானையும் காட்டெருமையையும் பட்டினி போடுகிறது. அதை வெட்டி விமானத்துக்கு எண்ணெய் செய்தால் என்ன? செய்யலாம். மரக்கழிவை வாயுவாக்கி, அதை மீண்டும் திரவமாக்கும் முறை இருக்கிறது. உலர்ந்த கட்டை 5, 6 டன்னிலிருந்து ஒரு டன் எரிபொருள் தேறும். கோவை விமானத்தின் ஒரு நடைக்கு ஒரு லாரி நிறையச் செடி. அதை வேரோடு பிடுங்க ஆள், உலர்த்த இடம், துண்டாக்க இயந்திரம், பிறகு எங்கோ கடற்கரையிலிருக்கும் ஆலைக்குக் கொண்டுபோக டீசல். என் கருத்து இதுதான்: உண்ணிச்செடி விமானமேற வேண்டாம். பக்கத்திலேயே தேயிலைத் தொழிற்சாலைகள் இலையை உலர்த்த விறகு எரிக்கின்றன. கட்டையை அழுத்திச் செங்கல்போல ஆக்கி அந்த அடுப்பில் வைத்தால் ஒவ்வொரு கிலோவும் முழுதாகப் பயன்படும், ஒரு கற்பூர மரமாவது (யூகலிப்டஸ்) பிழைக்கும். எரிபொருளாக மாற்றும் வழியிலேயே பாதி ஆற்றலைத் தொலைப்பதற்கு இது மேல்.

சரி, எஸ்.ஏ.எஃப். கிடைக்கிறது என்றே வைத்துக்கொண்டு விலையைப் பார்ப்போம். சாதாரண எரிபொருள் லிட்டர் 90 ரூபாய் என்று கொண்டால் நம் பயணியின் 16 லிட்டருக்கு 1,440 ரூபாய். மாற்று எரிபொருள் மூன்று மடங்கு விலை என்று எடுத்துக்கொள்வோம். சந்தையில் இரண்டிலிருந்து ஐந்து மடங்கு வரை போகிறது. 5 சதவீதம் கலந்தால் கூடுதல் செலவு 144 ரூபாய். ஊட்டிக்குப் போய் இரண்டு பேர் காபியும் வர்க்கியும் சாப்பிடுகிற செலவு. யாரும் இதற்காகப் பயணத்தை நிறுத்தமாட்டார்கள். ஆனால் நிறுவனத்தின் பக்கம் நின்று பாருங்கள். ஒரு பயணியிடம் கிடைக்கும் 600 ரூபாய் லாபத்தில் கால்வாசி இது. டிக்கெட்டில் ஏற்றினால், கைபேசியில் விலை வாரியாக அடுக்கிப் பார்க்கும் பயணி 144 ரூபாய் குறைவான பக்கத்து நிறுவனத்தைத் தட்டுவார். நல்லவர் தனியாக நல்லவராக இருந்தால் நட்டப்படுவார். இந்த இடத்தில் சிக்கனம் கைவிட்டுவிடுகிறது, சட்டம் வேண்டியிருக்கிறது. எல்லோரும் ஒரே நாளில் கலக்க வேண்டுமென்றால் போட்டியில் யாருக்கும் பாதகமில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2025 முதல் 2 சதவீதம், 2030-இல் 6, 2050-இல் 70 என்று கட்டாயமாக்கியிருக்கிறது. இந்தியா பன்னாட்டு விமானங்களுக்கு 2027-இல் 1 சதவீதம், 2028-இல் 2, 2030-இல் 5 என்று இலக்கு வைத்திருக்கிறது. 2024-இல் உலகம் முழுதும் தயாரான எஸ்.ஏ.எஃப். 10 லட்சம் டன். மொத்த விமான எரிபொருளில் 0.3 சதவீதம். எங்கே நிற்கிறோம் என்பதற்கு அதுவே அளவு.

எண்ணெயை மாற்ற முடியாத நிறுவனங்கள் மரம் நடுகின்றன. டிக்கெட் வாங்கும்போது ஒரு சிறு கட்டத்தில் குறி போட்டால் உங்கள் புகைக்கு ஈடாக எங்கோ மரம் நடப்படும் என்பார்கள். இந்தக் கட்டத்தைப் பார்த்தால் மலைக்காரனுக்கு மட்டும் வயிறு கலங்கும். எங்கள் மலைகளில் மரம் நட்டுத்தான் கெடுத்தார்கள். நீலகிரியிலும் பழனி மலையிலும் உச்சிப் பகுதி இயற்கையில் புல்வெளி. பள்ளங்களில் மட்டும் சோலைக்காடு. வெளியிலிருந்து வந்தவர்கள் அந்தப் புல்வெளியைத் தரிசு என்று நினைத்துச் சீகை (வாட்டில் மரம்), கற்பூரம், பைன் என்று நட்டுத் தள்ளினார்கள். பழனி மலையில் 1973-க்கும் 2014-க்கும் இடையில் புல்வெளியின் மூன்றில் இரு பங்கு காணாமல் போனதை செயற்கைக்கோள் படங்கள் காட்டுகின்றன. மழைநீரைப் பஞ்சுபோல வாங்கி ஓடைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விட்ட புல்வெளி போனதால் ஓடைகள் வற்றின. தோடர்களின் எருமைகளுக்கு மேய்ச்சல் போனது. பைனும் சீகையும் கோடையில் தீப்பிடித்தால், பல ஆண்டு சேர்த்த கார்பன் ஓர் இரவில் வானத்துக்குத் திரும்பிவிடும். புல்வெளியின் கார்பனில் பெரும்பகுதி மண்ணுக்கடியில் இருப்பதால் தீ அதைத் தொடாது. கரியமில வாயு இன்று நிச்சயமாக வெளியேறுகிறது. மரம் ஐம்பது ஆண்டு நிற்கும் என்பதோ வாக்குறுதி மட்டும். ஒன்றை வரவிலும் மற்றதைச் செலவிலும் எழுதி நேராக்குவதை எந்த மளிகைக்கடைக் கணக்கும் ஒப்புக்கொள்ளாது. சீகையை அகற்றிப் புல்லை மீட்கப் பணம் தருகிறேன் என்று எந்த விமான நிறுவனமாவது சொன்னால் அந்தக் கட்டத்தில் நானே குறி போடுவேன்.

இவ்வளவுக்கும் மேலே ஒரு எண்ணிக்கை நிற்கிறது. இந்தியாவில் உள்நாட்டு விமானப் பயணிகள் 2014-இல் சுமார் 6.7 கோடி, 2024-இல் சுமார் 16.1 கோடி. பத்தாண்டில் 2.4 மடங்கு. புது என்ஜின் 20 சதவீதம் மிச்சப்படுத்தினாலும் மொத்தப் புகை ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. எண்ணெய் மிச்சமானதால் டிக்கெட் மலிவானது, மலிவானதால் கூட்டம் கூடியது. 2023-இல் ஏர் இந்தியா 470 விமானங்களுக்கும் இண்டிகோ 500 விமானங்களுக்கும் ஆணை கொடுத்தன. சாதாரணக் குடும்பங்கள் பறக்கத் தொடங்கியதைக் குற்றமாகச் சொல்ல எனக்கு மனமில்லை. துபாயில் வேலை பார்க்கும் பிள்ளை தகப்பனின் சாவுக்கு வந்து சேர்வது விமானத்தால்தான்.

ஆனால் எண்ணிக்கையைத் தொடாமல் திறனை மட்டும் கூட்டினால் என்ன ஆகும் என்பதை எங்கள் மலைப்பாதை பார்த்திருக்கிறது. கார்கள் ஆண்டுக்கு ஆண்டு குறைவாகப் புகைத்தன, மே மாத நெரிசல் மட்டும் கூடிக்கொண்டே போனது. கடைசியில் சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டு 2024 மே 7 முதல் இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரலிலிருந்து சீசனில் நீலகிரிக்குள் வார நாட்களில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000, 6,000 என்று வரம்பு. விடுதிக்காரர்கள் முணுமுணுத்தார்கள். அரசுப் பேருந்துக்கு வரம்பில்லை என்பதுதான் இதில் நான் கவனித்த நுட்பம். ஆட்களை நிறுத்தவில்லை, ஆளுக்கொரு வண்டியை நிறுத்தினார்கள்.

வானத்தில் அதற்கு ஈடானது ரயில். சென்னை–கோவை வந்தே பாரத் 2023 ஏப்ரல் முதல் ஆறு மணி நேரத்துக்குள் ஓடுகிறது. விமானத்தில் 70 நிமிடம் என்பார்கள். மீனம்பாக்கம் போக, காத்திருக்க, இறங்கிப் பெட்டி எடுக்க என்று கூட்டினால் நாலரை மணி நேரம் போய்விடும். பறக்கும் 430 கிலோமீட்டரில் ஏறவும் இறங்கவுமே 350-க்கு மேல் செலவாகிறது. சமநிலையில் பறப்பது கொஞ்ச நேரம்தான். எண்ணெய் மிக அதிகம் குடிப்பது ஏற்றத்தில். குறுந்தூரப் பயணம் விமானத்துக்கே பொருந்தாத வேலை. பிரான்ஸ் 2023-இல், இரண்டரை மணி நேரத்துக்குள் ரயிலில் போகக்கூடிய சில உள்நாட்டுத் தடங்களில் விமானத்தை நிறுத்திவிட்டது. நம்மிடம் அவ்வளவு வேகமான ரயில் இல்லை. ஆனால் இரவு ஏறி விடிகாலையில் மேட்டுப்பாளையத்தில் இறக்கிவிடும் நீலகிரி எக்ஸ்பிரஸ் இருக்கிறது. தூங்கும் நேரத்தைப் பயண நேரத்தில் சேர்க்கத் தேவையில்லை. நிறுவனத்தின் கோணத்திலும் இது முழு நட்டமாக இருக்காது. நெரிசலான நிலையத்தில் குறுந்தூர விமானத்துக்குப் போன நேர ஒதுக்கீட்டை, லாபம் கூடுதலான நீண்ட தடத்துக்குத் திருப்பலாம்.

கடைசியாக, கரியமில வாயுவோடு சேராத ஒரு விஷயம். உயரே போகும் விமானத்தின் பின்னால் சில நாள் வெள்ளைக் கோடு விழும். என்ஜினின் ஈரப்பதம் கடுங்குளிரில் பனித்துகளாக உறைவதுதான் அது. காற்று உலர்ந்திருந்தால் உடனே மறையும். ஈரமாக இருந்தால் விரிந்து மெல்லிய மேகமாகி மணிக்கணக்கில் நிற்கும். விமானங்களால் வரும் வெப்பத்தில் மூன்றில் இரு பங்கு கரியமில வாயு அல்லாத விளைவுகளால் என்று ஒரு முக்கியமான மதிப்பீடு சொல்கிறது. அதில் பெரிய பங்கு இந்தக் கோடுகளுக்கு. துல்லியத்தில் தடுமாற்றம் உண்டு, திசையில் இல்லை. இரவில் விழும் கோடு பகலில் விழுவதைவிட மோசம்.

ஏன் என்று நீலகிரியின் எந்தத் தேயிலை விவசாயியும் சொல்வார். உறைபனி மேகமில்லாத இரவில்தான் கொட்டும். பகலில் மண் வாங்கிய சூடு வானத்துக்கு ஓடிவிடும். மேகம் கவிந்திருந்தால் போர்வைபோலத் தடுத்துத் திருப்பி அனுப்பும். பகலில் மேகம் வெயிலையும் கொஞ்சம் மறைக்கும், இரவில் மறைக்க வெயில் கிடையாது. போர்வை வேலை மட்டும் நடக்கும்.

இதைத் தவிர்க்கப் புது விமானமோ புது எண்ணெயோ தேவையில்லை. ஈரமான அடுக்கைத் தவிர்த்துச் சில ஆயிரம் அடி மேலோ கீழோ பறந்தால் போதும். 2023-இல் கூகுளும் அமெரிக்கன் ஏர்லைன்ஸும் 70 பயணங்களில் சோதித்தபோது கோடுகள் 54 சதவீதம் குறைந்தன. வழி மாற்றிய விமானங்களுக்கு 2 சதவீதம் எண்ணெய் கூடியது. எல்லா விமானமும் மாற வேண்டியதில்லை என்பதால் மொத்தத்தில் அது 0.3 சதவீதமாகச் சுருங்கும் என்று கணித்தார்கள். ஐரோப்பா, அட்லாண்டிக் வழிகளில் இந்தக் கோடு அதிகம், நம் பக்கம் குறைவு. இருந்தும் நிறுவனங்கள் தாமாகத் தொடங்காத காரணம் அந்த 0.3-இல் இருக்கிறது. எண்ணெய்க்கு ரசீது வரும். வெள்ளைக் கோட்டுக்கு யாரும் ரசீது அனுப்புவதில்லை. விமானியின் கணினியிலுள்ள அந்த ஒற்றை எண்ணில் மேகத்துக்கு இடமில்லை.

ஜனவரியில் உறைபனி எச்சரிக்கை வந்த இரவுகளில் பக்கத்துத் தோட்டக்காரர் மாலையிலேயே இளந்தேயிலைமீது தென்னை ஓலையைப் போர்த்திவிடுவார். வேலை முடிந்ததும் வழக்கம்போல வானத்தைப் பார்ப்பார், மேகம் இருக்கிறதா என்று. அவருக்கு மட்டும் அந்த ஓர் இரவில், உயரே ஒரு வெள்ளைக் கோடு விரிந்து நின்றால் நல்லது.